ஒருவருக்கு வந்த மடல் இன்னொருவர் பெட்டியில் விழுகிறது, லாக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது

சர்வர்காவல் | திங்கள், காலை 10:05

வணக்கம். எங்கள் அலுவலக மெயில் சர்வரை நானும் ஒரு சக ஊழியரும் பார்த்துக்கொள்கிறோம். போஸ்ட்ஃபிக்ஸ் வெளியிலிருந்து மடலை வாங்கி, எல்எம்டிபி (மடலைப் பெட்டிகளைக் காக்கும் நிரலிடம் ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக டவ்காட்டிடம் கொடுக்கிறது. டவ்காட் அதைப் பெட்டியில் போடுகிறது. அறுபது கணக்குகள் இருக்கின்றன. ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் பழைய கியூமெயில் சர்வரிலிருந்து இதற்கு மாறினோம்.

இன்று காலை அக்கவுண்ட்ஸ் பெட்டியைப் பார்க்கும் அம்மா வந்து, தனக்குச் சம்பந்தமில்லாத மடல்கள் வருவதாகச் சொன்னார். திறந்து காட்டினார். ‘டூ’ வரியில் அக்கவுண்ட்ஸ்-ஆடிட் என்ற முகவரி இருக்கிறது. அது தணிக்கை பார்ப்பவரின் தனிப் பெட்டி. சம்பளம் பற்றிய கேள்விகள் எல்லாம் அதற்குத்தான் வரும். இப்போது வேறு ஒருவர் அதைப் படிக்கிறார் என்பதுதான் என் பெரிய கவலை.

இதுவரை பார்த்தவை: அலியாஸ் கோப்பில் (ஒரு முகவரிக்கு வருவதை வேறு முகவரிக்குத் திருப்பும் பட்டியல்) இந்த முகவரி இல்லை. வெர்ச்சுவல் அலியாஸ் அட்டவணையிலும் இல்லை. போஸ்ட்மேப் -க்யூ கட்டளை போட்டு அட்டவணையைக் கேட்டால் சரியான பெட்டியைச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவில்) முகவரி முழுதாக, சரியாக இருக்கிறது, ஸ்டேட்டஸ் ‘சென்ட்’ என்று முடிகிறது. டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்அட்மினின் யூசர் கட்டளையும் ஆடிட் பெட்டியின் சரியான ஹோம் டைரக்டரியைக் காட்டுகிறது. சில மடல்கள்தான் இப்படித் தவறிப் போகின்றன. எதை வைத்து அந்தச் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது என்று பிடிபடவில்லை.

(ஹெச்ஆர்-ஜாப்ஸ் முகவரிக்கு அனுப்பியது திரும்பி வருகிறது என்று இன்னொரு புகாரும் இருக்கிறது. அதை இதை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.)

---

உறையும்கடிதமும் | திங்கள், காலை 10:31

முதலில் ஒன்று. ‘டூ’ வரியை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். அது கடிதத்தின் உள்ளே எழுதியிருப்பது. சர்வர் பார்ப்பது உறையின் மேல் எழுதியிருப்பதை, அதாவது எஸ்எம்டிபி (சர்வர்கள் மடலைப் பரிமாறும் நெறிமுறை) உரையாடலில் ‘ஆர்சிபிடி டூ’ கட்டளையில் வரும் முகவரியை. 1982-இல் வந்த எஸ்எம்டிபி தர ஆவணமான ஆர்எஃப்சி 821-இலிருந்தே இரண்டும் தனித்தனிதான். உள்ளே ஒரு பெயர், உறையில் வேறு பெயர் என்று வருவது பிழையே இல்லை. பிசிசி அப்படித்தான் வேலை செய்கிறது, மடற்குழுக்களும் அப்படித்தான்.

அதனால் முதல் கேள்வி: அந்த மடலை அனுப்பியவர் அக்கவுண்ட்ஸையும் பிசிசியில் சேர்த்திருக்கலாமா? லாக்கில் அந்த மடலின் க்யூ ஐடியை (சர்வர் வரிசையில் அதற்குக் கொடுத்த அடையாளம்) எடுத்து, அதற்கு எத்தனை ‘டூ’ பதிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். ‘ஒரிஜ்_டூ’ என்று ஒன்று இருந்தால், நடுவில் யாரோ முகவரியை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் முகவரியைத் தொடவில்லை.

---

லாக்வாசகன் | திங்கள், காலை 10:40

காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் மடலை நிறுத்துங்கள். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில்கூட இன்னொரு சம்பள மடல் தவறான பெட்டியில் விழலாம்.

மெயின் கோப்பில் டிஃபர் ட்ரான்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பில் ‘எல்எம்டிபி’ என்று போட்டு ரீலோட் செய்தால், எல்லோருக்கும் வரும் மடலும் க்யூவில் காத்திருக்கும். எதுவும் தொலையாது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஐந்து நாள் வைத்திருக்கும். அலுவலகம் முழுவதையும் நிறுத்த வேண்டாம் என்றால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ரெசிப்பியன்ட் ஆக்செஸ் அட்டவணையில் ‘ஹோல்ட்’ என்று எழுதுங்கள். ஒரே எச்சரிக்கை: ‘ஹோல்ட்’ மடலையே பிடித்துவைக்கும். அதே மடல் இன்னும் மூன்று பேருக்கு எழுதப்பட்டிருந்தால் அவர்களுக்கும் போகாது.

---

சர்வர்காவல் | திங்கள், காலை 11:15

நன்றி. அந்த முகவரிக்கு ஹோல்ட் போட்டுவிட்டேன். இரண்டு மடல்கள் இப்போதே க்யூவில் நிற்கின்றன.

பிசிசி இல்லை. க்யூ ஐடிக்கு ஒரே ஒரு ‘டூ’தான், அதுவும் அக்கவுண்ட்ஸ்-ஆடிட். ‘ஒரிஜ்_டூ’ எங்கும் இல்லை. ரிலே என்ற இடத்தில் டவ்காட் எல்எம்டிபி சாக்கெட். கடைசியில் அடைப்புக்குறிக்குள், ஏற்றுக்கொண்டேன் என்று பொருள்படும் 250 2.0.0, அக்கவுண்ட்ஸ்-ஆடிட் முகவரி, ‘சேவ்ட்’.

---

புதுநிர்வாகி | திங்கள், காலை 11:22

எனக்கும் இதே பிரச்சினை! இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஒரு வாடிக்கையாளரின் டொமைனைப் போன வாரம் வேறு சர்வருக்கு மாற்றினோம். எம்எக்ஸ் பதிவு (டொமைனின் மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸில் சொல்வது) மாறிவிட்டது. வெளியிலிருந்து அனுப்பினால் புதிய சர்வருக்குச் சரியாகப் போகிறது. ஆனால் சிலர் அனுப்புவது மட்டும் பழைய பெட்டியிலேயே விழுகிறது. டிஎன்எஸ் பரவ நேரமாகுமா?

---

லாக்வாசகன் | திங்கள், காலை 11:38

@புதுநிர்வாகி, அந்தச் ‘சிலர்’ எல்லோரும் பழைய சர்வரிலேயே கணக்கு வைத்திருப்பவர்களா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்கும். அந்தப் பழைய சர்வரில் மைடெஸ்டினேஷன் அல்லது வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் பட்டியலில் இந்த டொமைன் இன்னும் இருக்கிறது. தன் டொமைன் என்று சர்வர் நினைத்துவிட்டால் அது எம்எக்ஸைக் கேட்கவே கேட்காது. கையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடும். பட்டியலிலிருந்து நீக்கி ரீலோட் செய்யுங்கள். டிஎன்எஸ் காத்திருப்பு என்றால் டிடிஎல் (பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் காலம்) முடிந்ததும் தானாகச் சரியாகும், ஒரு வாரமெல்லாம் ஆகாது.

தவறிப் போவது அனுப்புபவரைப் பொறுத்ததா, பெறுபவரைப் பொறுத்ததா என்ற கேள்வியை எப்போதும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்களுடையது அனுப்புபவரைப் பொறுத்தது. சர்வர்காவல் சொல்வது பெறுபவரைப் பொறுத்தது என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை.

---

புதுநிர்வாகி | திங்கள், மதியம் 12:04

ஆமாம், எல்லோரும் பழைய சர்வர்க்காரர்கள்தான். நீக்கினேன், உடனே சரியாகிவிட்டது. மிக்க நன்றி.

---

பழையகியூ | திங்கள், மதியம் 12:20

@சர்வர்காவல், உங்களிடம் ரெக்எக்ஸ்பி அல்லது பிசிஆர்இ வகை (எழுத்து வடிவத்தை வைத்து முகவரியைப் பொருத்தும்) அட்டவணை ஏதாவது இருக்கிறதா? நான் ஒரு முறை இரண்டு நாள் அல்லாடியது அதில்தான். ‘இன்ஃபோ’ என்ற முகவரிக்கு ஒரு விதி எழுதியிருந்தேன், தொடக்கத்தில் கூரைக்குறி (பெயர் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று சொல்லும் குறி) போட மறந்துவிட்டேன். ‘சேல்ஸ்இன்ஃபோ’வுக்கு வந்ததும் அதே விதியில் மாட்டியது. அந்த வகை அட்டவணையில் மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவதுதான் செல்லும். உங்கள் இரண்டு முகவரிகளும் ‘அக்கவுண்ட்ஸ்’ என்றே தொடங்குவதால் கேட்கிறேன்.

அப்புறம் டொமைன் முழுவதையும் பிடிக்கும் கேட்ச்ஆல் வரி இருக்கிறதா? அலியாஸ் அட்டவணையில் கேட்ச்ஆல் எழுதினால், அது உண்மையான பெட்டிகளின் மடலையும் இழுத்துக்கொள்ளும். பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அலியாஸ் வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தன்னையே சுட்டும் ஒரு வரி எழுதினால்தான் தப்பிக்கும்.

---

சர்வர்காவல் | திங்கள், மதியம் 12:45

பிசிஆர்இ அட்டவணை இல்லை. கேட்ச்ஆல் இல்லை. எல்லாம் முகவரியை நேரடியாகத் தேடும் ஹேஷ் வகை. போஸ்ட்மேப் மறுபடியும் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

---

உறையும்கடிதமும் | திங்கள், மதியம் 1:10

அப்படியானால் போஸ்ட்ஃபிக்ஸை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மெயில் சர்வர் என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் உள்ளே மடல் கை மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கையும் முகவரியைத் தன் விதிப்படி மறுபடியும் படிக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் எழுதும் ‘சென்ட்’ என்பதற்கு, அடுத்த கையில் கொடுத்துவிட்டேன் என்று மட்டும்தான் பொருள். அந்த 250 பதிலில் இருக்கும் முகவரிகூட நீங்கள் கொடுத்த முகவரியைத் திருப்பிச் சொல்வதுதான். எந்தப் பெட்டியில் போட்டோம் என்பதை அது சொல்வதில்லை.

டவ்காட்டின் லாக்கைப் பாருங்கள். ‘எல்எம்டிபி’ என்று தொடங்கும் வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் இருக்கும். அது என்ன பெயர்? மெசேஜ் ஐடியை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

இன்னொன்று. தவறிப் போய் விழுந்த மடல் ஒன்றின் முழு ஹெடரையும் (மடலின் மேலே இருக்கும் விவர வரிகளை) பாருங்கள். ‘டெலிவர்ட்-டூ’ என்ற வரியில் யார் பெயர்?

---

சர்வர்காவல் | திங்கள், மதியம் 1:52

இரண்டையும் பார்த்தேன், குழப்பம் கூடியிருக்கிறது.

டவ்காட் லாக்கில் அடைப்புக்குறிக்குள் இருப்பது அக்கவுண்ட்ஸ். ஆடிட் இல்லை! ‘இன்பாக்ஸில் சேமிக்கப்பட்டது’ என்கிறது. ஆனால் அதே மடலின் ‘டெலிவர்ட்-டூ’ வரியில் அக்கவுண்ட்ஸ்-ஆடிட் என்று முழு முகவரி இருக்கிறது. உறையைச் சரியாகப் படித்து, அதையே மடலில் எழுதியும் வைத்துவிட்டு, வேறு பெட்டியில் போட்டிருக்கிறது.

---

லாக்வாசகன் | திங்கள், மதியம் 2:03

இடம் கிடைத்துவிட்டது. இனி டவ்காட்டுக்கு வெளியே தேட வேண்டாம்.

இரண்டு கேள்விகள். ஒன்று, தணிக்கைக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: அவருக்குக் கடைசியாக எப்போது மடல் வந்தது? இதுவரை நாம் கேட்டதெல்லாம் தவறான மடலைப் பெற்றவரின் புகாரைத்தான். மடல் கிடைக்காதவர் தனக்குக் கிடைக்கவில்லை என்பதையே அறிந்திருக்க மாட்டார்.

இரண்டு, அந்த ஹெச்ஆர்-ஜாப்ஸ் திரும்பி வரும் செய்தியை அப்படியே எழுதுங்கள். அதைத் தனிப் பிரச்சினை என்று நீங்கள் ஒதுக்கியது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

---

சர்வர்காவல் | திங்கள், மதியம் 2:40

கேட்டேன். போன புதன்கிழமை மாலைக்குப் பிறகு அவருக்கு ஒரு மடல்கூட வரவில்லை. மாதக் கடைசி வரை அமைதியாகத்தான் இருக்கும் என்று அவரும் பேசாமல் இருந்திருக்கிறார். ஆக, சில மடல்கள் என்று நான் எழுதியது தவறு. எல்லா மடல்களும் தவறிப் போயிருக்கின்றன.

திரும்பிய செய்தி இது: 550 5.1.1, கோணக்குறிக்குள் ஹெச்ஆர்-ஜாப்ஸ் முகவரி, பிறகு ‘யூசர் டஸ்ன்ட் எக்ஸிஸ்ட்’, அதன் பின் ஹெச்ஆர், ‘அட்’ குறி, எங்கள் டொமைன்.

ஓ. ஜாப்ஸ் என்பது காணாமல் போயிருக்கிறது.

---

லாக்வாசகன் | திங்கள், மதியம் 2:46

அதேதான். ஹைபனில் வெட்டுகிறது. உங்களிடம் ‘ஹெச்ஆர்’ என்று வெறும் கணக்கு இல்லை, அதனால் அந்த மடல் திரும்பி வந்தது. ‘அக்கவுண்ட்ஸ்’ என்று கணக்கு இருக்கிறது, அதனால் அந்த மடல் அங்கே போய் விழுந்தது. நோய் ஒன்று, அறிகுறி இரண்டு.

டவ்காட்டின் அமைப்புகளைக் காட்டும் டவ்கான்ஃப் -என் ஓட்டி, ரெசிப்பியன்ட் டிலிமிட்டர் (பெயரையும் பின்னொட்டையும் பிரிக்கும் பிரிகுறி) என்ற வரியைக் காட்டுங்கள்.

---

சர்வர்காவல் | திங்கள், மதியம் 2:51

கூட்டல் குறி, ஹைபன். இரண்டும் சேர்ந்து இருக்கின்றன.

---

பழையகியூ | திங்கள், மதியம் 3:15

கியூமெயிலிலிருந்து மாறினோம் என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயிலில் ஹைபன்தான் இயல்பான பிரிகுறி. ‘பெயர்-செய்திகள்’ என்ற முகவரிக்கு வந்தால் அது ‘பெயர்’ என்பவருக்கே போகும். அவர் ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு புள்ளி-கியூமெயில் கோப்பு வைத்துத் தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். பல வருடம் அதில் இருந்தவர்கள் எத்தனையோ இணையதளங்களில் இப்படி ஹைபன் முகவரிகளைக் கொடுத்திருப்பார்கள். சர்வர் மாறியதும் அவை நின்றுபோகும். யாராவது வந்து கேட்பார்கள். அப்போது யாரோ ஹைபனைச் சேர்த்திருப்பார்கள். அப்படித்தானே?

எந்தக் குறி பிரிகுறி என்பது அந்தந்த சர்வரின் முடிவு. ஆர்எஃப்சி 5321-இன்படி ‘அட்’ குறிக்கு இடப்பக்கம் இருப்பதற்குப் பொருள் சொல்லும் உரிமை அந்த டொமைனின் சர்வருக்கு மட்டும்தான். ஜிமெயில் பெயரில் இருக்கும் புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அந்த உரிமையில்தான். ஆனால் ஒரே வீட்டுக்குள் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு பொருளும் டவ்காட் வேறு பொருளும் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

---

சர்வர்காவல் | திங்கள், மாலை 4:02

அப்படியேதான் நடந்திருக்கிறது. என் சக ஊழியரிடம் கேட்டேன். இருவர் தங்கள் பழைய ஹைபன் முகவரிகளுக்கு மடல் வரவில்லை என்று கேட்டதால், புதன்கிழமை மாலை டவ்காட்டில் ஹைபனைச் சேர்த்திருக்கிறார். போஸ்ட்ஃபிக்ஸில் அதே அமைப்பை இந்த வாரம் மாற்றலாம் என்று வைத்திருந்தாராம். போஸ்ட்ஃபிக்ஸில் இப்போதும் கூட்டல் குறி மட்டும்தான். அதனால் அந்த இருவருக்கும் இன்னும் மடல் வரவில்லை, போஸ்ட்ஃபிக்ஸே அவற்றை வாசலில் மறுத்துவிடுகிறது. அவர் நல்ல எண்ணத்தில் செய்தது. எங்கள் இருவருக்கும் மாற்றக் குறிப்பேடு என்று ஒன்று இல்லாததுதான் குறை. இன்றே தொடங்கிவிட்டோம்.

எனக்கு இரண்டு இடத்தில் இன்னும் இடிக்கிறது. டவ்அட்மின் யூசர் கட்டளை ஏன் சரியான பெட்டியைக் காட்டியது? அப்புறம், சேல்ஸ்-நார்த் என்று ஒரு முகவரி இருக்கிறது, அதிலும் ஹைபன். ‘சேல்ஸ்’ என்று தனிக் கணக்கும் இருக்கிறது. ஆனால் சேல்ஸ்-நார்த் மடல்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. நான் ஹைபனைச் சந்தேகிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

---

லாக்வாசகன் | திங்கள், மாலை 4:30

டவ்அட்மின் யூசர், நீங்கள் கொடுக்கும் பெயரை அப்படியே பயனர் பட்டியலில் தேடும். பின்னொட்டை வெட்டும் வேலை எல்எம்டிபி மடலை வாங்கும்போது நடப்பது. அந்தக் கட்டளை அந்த வழியில் போகவே இல்லை. நீங்கள் கேட்டது ‘இந்தப் பெயரில் ஆள் உண்டா’ என்று. கேட்டிருக்க வேண்டியது ‘இந்த உறை யாரிடம் போகும்’ என்று. அதைச் சோதிக்க ஒரே வழி, உண்மையிலேயே ஒரு சோதனை மடலை அதே வாசல் வழியாக அனுப்பி, டவ்காட் லாக்கில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்ப்பதுதான். ஸ்வாக்ஸ் கருவி இதற்கு வசதியானது.

சேல்ஸ்-நார்த் உங்களிடம் பெட்டியா, அலியாஸா?

---

சர்வர்காவல் | திங்கள், மாலை 4:36

அலியாஸ். மூன்று பேருக்குப் பிரிந்து போகும்.

---

லாக்வாசகன் | திங்கள், மாலை 4:44

அதனால்தான் தப்பித்தது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை மூன்று பேரின் பெயர்களாக மாற்றிய பிறகே டவ்காட்டிடம் கொடுக்கிறது. டவ்காட் கண்ணில் ஹைபன் படுவதே இல்லை. அந்த மடல்களுக்கு லாக்கில் ‘ஒரிஜ்_டூ’ இருக்கும், பாருங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் இங்கே முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. போஸ்ட்ஃபிக்ஸில் ஹைபனைப் பிரிகுறியாக வைத்திருந்தாலும், அது அட்டவணையில் முதலில் முழு முகவரியைத் தேடும். இல்லாவிட்டால்தான் பின்னொட்டை வெட்டிவிட்டுத் தேடும். டவ்காட்டின் எல்எம்டிபி அப்படி முழுப் பெயரை முதலில் கேட்பதில்லை, குறியைக் கண்டதும் வெட்டிவிடுகிறது. அதனால் கணக்குப் பெயர்களில் வரக்கூடிய எந்தக் குறியையும் டவ்காட்டில் பிரிகுறியாக வைக்கக் கூடாது.

டவ்காட்டில் ஹைபனை எடுத்துவிட்டுக் கூட்டல் குறியை மட்டும் விடுங்கள். அந்த இருவரின் பழைய முகவரிகளைப் போஸ்ட்ஃபிக்ஸின் வெர்ச்சுவல் அலியாஸில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: ‘பெயர்-செய்திகள்’ வந்தால் ‘பெயர்+செய்திகள்’ என்று. எத்தனை முகவரிகள் என்று தெரியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் மறுத்த பதிவுகளிலேயே பட்டியல் இருக்கிறது.

---

சர்வர்காவல் | திங்கள், மாலை 5:25

மாற்றிவிட்டேன். சோதனை மடல் ஆடிட் பெட்டியில் விழுந்தது, டவ்காட் லாக்கிலும் அதே பெயர். ஹெச்ஆர்-ஜாப்ஸும் வேலை செய்கிறது. ஹோல்டை எடுத்து, க்யூவில் நின்றவற்றைப் போஸ்ட்சூப்பரில் பெரிய ஹெச் போட்டு விடுவித்தேன். அவையும் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

இனி, ஏற்கெனவே அக்கவுண்ட்ஸ் பெட்டியில் கிடப்பவற்றை என்ன செய்வது? அந்த அம்மாவிடமே ஃபார்வேர்ட் செய்யச் சொல்லலாமா?

---

உறையும்கடிதமும் | திங்கள், மாலை 5:41

வேண்டாம். ஃபார்வேர்ட் செய்ய அவர் ஒவ்வொன்றையும் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். அனுப்பியவர் பெயரும் மாறிவிடும், தணிக்கைக்காரர் பதில் எழுதினால் அக்கவுண்ட்ஸுக்குப் போகும்.

‘டெலிவர்ட்-டூ’ வரியில் முழு முகவரி இருக்கிறது என்றீர்களே, அதுதான் இப்போது கைகொடுக்கும். டவ்அட்மின் சர்ச்சில் ஹெடர் டெலிவர்ட்-டூ என்று போட்டு அக்கவுண்ட்ஸ்-ஆடிட் முகவரியைத் தேடுங்கள். இன்பாக்ஸோடு நிற்காமல் எல்லா ஃபோல்டரிலும் தேடுங்கள். ‘டூ’ வரியை வைத்துத் தேடினால் பிசிசியில் வந்தவை விட்டுப்போகும். கிடைத்தவற்றை டவ்அட்மின் காப்பியில் ஆடிட் பெட்டிக்குள் ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அக்கவுண்ட்ஸிலிருந்து நீக்குங்கள்.

நகல் எடுக்கும்போது ‘படித்தது’ என்ற அடையாளமும் கூடவே போகும். அந்த அம்மா திறந்து பார்த்த மடல்கள் தணிக்கைக்காரருக்கும் படித்தவைபோலத் தெரியும், அவர் கவனிக்காமல் விட்டுவிடுவார். டவ்அட்மின் ஃப்ளாக்ஸில் ‘சீன்’ அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

---

சல்லடை | திங்கள், மாலை 6:10

இழையை இப்போதுதான் பார்க்கிறேன். எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் கிடைப்பதை மட்டும் எண்ணாதீர்கள். புதன் மாலையிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் அக்கவுண்ட்ஸ்-ஆடிட் முகவரிக்கு எத்தனை ‘சென்ட்’ என்று எண்ணி, இரண்டையும் ஒப்பிடுங்கள். அக்கவுண்ட்ஸ் பெட்டியில் சீவ் விதிகள் (வரும் மடலைத் தானாகப் பிரிக்கவும் திருப்பி அனுப்பவும் எழுதுபவை) இருக்கின்றனவா?

---

சர்வர்காவல் | திங்கள், இரவு 7:35

லாக்கில் 11. பெட்டியில் 10 (இன்பாக்ஸில் 9, குப்பைத்தொட்டியில் 1). ஒன்று குறைகிறது. நிரந்தரமாக அழித்திருப்பாரோ என்று கேட்டேன், இல்லை என்கிறார்.

சீவ் விதி இருக்கிறது. தலைப்பில் ‘இன்வாய்ஸ்’ என்று இருந்தால் வெளியே இருக்கும் கணக்கு எழுதும் நிறுவனத்துக்கு ரீடைரக்ட்.

---

சல்லடை | திங்கள், இரவு 7:48

அந்தப் பதினொன்றாவது அங்கே போயிருக்கிறது. சீவில் ரீடைரக்ட் என்று மட்டும் எழுதினால், பெட்டியில் வழக்கமாகச் சேமிப்பது ரத்தாகிவிடும். ரீடைரக்ட்டுடன் ‘காப்பி’ என்று சேர்த்தால்தான் இங்கேயும் ஒன்று தங்கும். அதனால் தேடினாலும் பெட்டியில் கிடைக்காது. டவ்காட் லாக்கில் அதே மெசேஜ் ஐடிக்கு ‘ஃபார்வர்டட் டூ’ என்று ஒரு வரி இருக்கும்.

விதிகள் பெட்டிக்குச் சொந்தக்காரரின் மடல்களை நினைத்து எழுதப்பட்டவை. தவறான பெட்டிக்குள் நுழைந்த மடல் அந்தப் பெட்டியின் எல்லா விதிகளுக்கும் உட்படுகிறது. உள்ளுக்குள் நடந்த தவறு அலுவலகத்துக்கு வெளியே கசிவது பெரும்பாலும் இப்படித்தான்.

---

சர்வர்காவல் | திங்கள், இரவு 8:20

இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை போயிருக்கிறது. தலைப்பு வரி லாக்கில் இல்லை, அனுப்பியவர் முகவரி மட்டும் தெரிகிறது. அதில் என்ன இருந்தது என்று அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

மனசு கனமாக இருக்கிறது. நாளைக் காலை மேலாளரிடம் சொல்லிவிடப் போகிறேன். தணிக்கைக்காரரிடம் இப்போதே போனில் சொல்லிவிட்டேன்.

---

லாக்வாசகன் | திங்கள், இரவு 8:37

சரியான முடிவு. சொல்லும்போது முழுக் கணக்கோடு சொல்லுங்கள்: எந்த நாள் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எத்தனை மடல்கள், யார் யார் அனுப்பியவை, எவை திறக்கப்பட்டன, எது வெளியே போனது. லாக்கை இப்போதே தனியாக ஒரு நகல் எடுத்துவையுங்கள், லாக்ரொட்டேட் பழையதை அழித்துவிடும். வெளியே போன அந்த ஒன்றுக்கு, அந்த நிறுவனத்திடம் மெசேஜ் ஐடியைக் கொடுத்து அழிக்கச் சொல்லி, அழித்தோம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஹைபன் உள்ள மற்றப் பெட்டிகளையும் பார்த்துவிட்டீர்களா?

---

சர்வர்காவல் | செவ்வாய், காலை 11:50

பார்த்தேன். ஹைபன் உள்ள பெட்டிகள் மொத்தம் ஐந்து. அவற்றில் மூன்றுக்கு முன்பாதிப் பெயரில் கணக்கு இல்லை, அந்த மடல்கள் எல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பிவிட்டன. பவுன்ஸ் பட்டியலை எடுத்து, மறுபடியும் அனுப்பச் சொல்லி அவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் ஏழு பேர் அதில் இருக்கிறார்கள், கடைசித் தேதியை நீட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்காவது அக்கவுண்ட்ஸ்-ஆடிட். ஐந்தாவது ஸ்டோர்-கீஸ், அதன் மடல்கள் இரண்டு ‘ஸ்டோர்’ பெட்டியில் கிடந்தன, திறக்கப்படவில்லை, எடுத்து மாற்றிவிட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, அந்த நிறுவனத்துக்கு அவரே எழுதினார். போன மடல் ஒரு பயணச் செலவு ரசீதாம். அழித்துவிட்டதாக ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

தணிக்கைக்காரரின் பெட்டியில் ‘தவறி வந்தவை’ என்ற ஃபோல்டரில் பத்தும், படிக்காதவையாக, இருக்கின்றன. அக்கவுண்ட்ஸிலிருந்து நீக்கியாயிற்று.

---

புதுநிர்வாகி | செவ்வாய், மதியம் 12:15

முழு இழையையும் படித்தேன். என் சர்வரிலும் டவ்கான்ஃப் ஓட்டிப் பார்த்தேன், கூட்டல் குறி மட்டும்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம்: அடிக்கோட்டைப் பிரிகுறியாக வைக்கலாமா? ஒருவர் கேட்டிருக்கிறார். சில இணையதளங்களின் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்றுக்கொள்வதில்லையாம்.

---

லாக்வாசகன் | செவ்வாய், மதியம் 12:32

உங்கள் கணக்குப் பெயர்களில் எங்காவது அடிக்கோடு இருக்கிறதா?

---

புதுநிர்வாகி | செவ்வாய், மதியம் 12:40

பன்னிரண்டு இருக்கிறது.

---

லாக்வாசகன் | செவ்வாய், மதியம் 12:41

அப்படியானால் வேண்டாம். அவருக்கு ஒரு அலியாஸ் எழுதிக் கொடுங்கள்.